சாம்பலில் இல்லாத கோடு

— இல்ல அண்ணி, உள்ள வராதீங்க. அந்த வாசப்படியிலயே நில்லுங்க.

— ஏம்மா, சல்லடை வேணும்னு ஆள் அனுப்பினியே. குடுத்துட்டுப் போறேன்.

— சல்லடை வேணாம். உங்களை வரவழைக்க அது ஒரு சாக்கு. ரெண்டு கையையும் நீட்டுங்க பார்ப்போம்.

— பள்ளிக்கூடத்துல நகம் பார்க்கிற மாதிரி இருக்கு.

— நகம்னே வெச்சுக்குங்க. இந்தக் கதிர் அளக்கிற கருவி முன்னாடி காட்டுங்க. திருப்புங்க. ம்... சும்மாதான் இருக்கு.

— அது சும்மா இருந்தா நான் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா?

— எனக்கே தெரியலை. உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஈயப் பெட்டி மேல சாயாதீங்க, உள்ள காலி டப்பா ஓடிட்டிருக்கு.

— நல்லாயிருக்கே! பிள்ளை பெத்து ரெண்டு மாசம் லீவு போட்ட கணக்குப்புள்ள, வேலைக்குத் திரும்பினதும் காலி டப்பாவை அளக்கிறா. வெளியே சொல்லாதே, சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்க.

— காலி டப்பாதான் அண்ணி உள்ளதைச் சொல்லும். நிறைஞ்ச டப்பா எதையாவது மறைக்கும்.

— சரி சரி. பாப்பா எங்க?

— பக்கத்து ரூம்ல தூங்குறா. டைப்பிஸ்ட் அக்கா பார்த்துக்கறாங்க.

— காலையிலயே பார்த்தேன். இந்த எடத்துக்கா பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு வருவ?

— இந்தப் பெட்டிக்குள்ள வெக்கிற ஒரு டப்பா சாம்பல்ல இருக்கிற கதிரை விட, அந்த ரூம் சுவர் மொத்தத்துலயும் இருக்கிறது ஜாஸ்தி. அதை நான் உங்களுக்குச் சொல்லணுமா? நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்த லேப்ல சாம்பல் சலிச்சவங்க நீங்க. சாம்பல் கொண்டு வந்து குடுக்கிற சாக்குல எங்க அண்ணன் உங்களையே கட்டிக்கிட்டான்.

— அவர் மூட்டையை எறக்கி வெச்சுட்டு, தண்ணி கேட்டுக் கேட்டு மத்தியானம் வரைக்கும் நிப்பார். இவருக்கு இவ்வளவு தாகமான்னு நினைச்சேன். சரி, விஷயத்தைச் சொல்லு. ஓவன்ல புது சாம்பல் காயுது. கருகிடும்னு சொல்ல மாட்டேன், ஏற்கனவே கருகினதுதான்.

— இந்தத் திரையைப் பாருங்க.

— எனக்கு இதெல்லாம் மலை வரைஞ்ச மாதிரிதான் தெரியும்.

— மலைதான். இந்த வரிசை யுரேனியம் குடும்பம். அதோட பேத்தி, கொள்ளுப்பேத்தி முறையில இதோ ரேடியம். ரேடியத்தோட மக ரேடான். வாயு. சின்னச் சந்து கிடைச்சாலும் ஓடிப் போயிடுவா.

— தெரியாதா! அவ ஓடக்கூடாதுன்னுதானே மூடி சுத்தி டேப் ஒட்டி ஒரு மாசம் அடைச்சு வெக்கிறோம். ஊர்ல இருக்கிற ரேடானுக்கெல்லாம் நான்தான் மாமியார்.

— இந்தப் பக்கம் தோரியம் வீடு. கடைசியில ஒதுங்கி நிக்கிறது பொட்டாசியம், தனிக்கட்டை. நிலக்கரியை அளந்தா இந்த மலையெல்லாம் குட்டையா இருக்கும். அதையே எரிச்சு, எரியறதெல்லாம் புகையாப் போய், மிச்சம் நிக்கிற சாம்பலை அளந்தா அதே மலைதான், அதே எடத்துலதான், ஆனா நல்ல உசரம்.

— பாலைச் சுண்டக் காய்ச்சின மாதிரி.

— அதேதான். இப்ப இங்க பாருங்க. இந்த ரெண்டு மலைக்கும் கொஞ்சம் தள்ளி, குச்சி நட்டு வெச்ச மாதிரி ஒரு கோடு.

— சின்னதாத்தானே இருக்கு.

— சின்னதுதான். ஆனா இது இந்த வீட்டு ஆளே இல்ல அண்ணி. யுரேனியத்துக்கும் சொந்தம் இல்ல, தோரியத்துக்கும் சொந்தம் இல்ல. யாரும் கூப்பிடாம வந்து நடுக்கூடத்துல உக்காந்திருக்கு.

— பேர் என்ன அதுக்கு?

— அயோடின். உப்புல போடுறது இல்ல, கதிர் விடுற அயோடின். அணு உலையிலதான் செய்வாங்க, வைத்தியத்துக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போகும். எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாத் தேய்ஞ்சுடும். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த நிலக்கரியில அது இருக்க முடியாது. கல்லறையைத் திறந்தா உள்ள சூடா ஒரு கப் காப்பி இருந்த மாதிரி. ஏன் அண்ணி முகம் இப்படிப் போச்சு?

— குளிருது. அந்த ஏசியைக் கொஞ்சம் குறையேன்.

— குறைச்சா மெஷினுக்கு ஆகாது. என் சால்வையைப் போர்த்திக்குங்க. வரிசையா சொல்லிடறேன். முதல்ல நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு தெரிஞ்சுக்குங்க. இந்தக் கோட்டைப் பார்த்ததும், நமக்குச் சாம்பல் அனுப்பற மின் ஆலையில ஆஸ்பத்திரிக் குப்பையை நிலக்கரியோட சேர்த்துக் கொளுத்துறாங்கன்னு முடிவு கட்டிட்டேன்.

— ஐயையோ.

— ஆலைக்கு ஒண்ணு, மேலிடத்துக்கு ஒண்ணுன்னு மெயில்கூட எழுதிட்டேன். அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

— அந்தச் சாம்பலை வாங்கிச் செங்கல் அறுக்கிறவங்க, அந்தச் செங்கல்லுல வீடு கட்டினவங்க, எல்லாரும் தெருவுக்கு வந்திருப்பாங்க.

— அதுக்கும் முன்னாடி, சாம்பிள் எடுத்துக் குடுத்த ஆளைப் பிடிச்சு உலுக்கியிருப்பாங்க. நீ என்னத்தைக் கலந்தேன்னு.

— உங்க அண்ணனை.

— எங்க அடுப்புப் பூனையை. மூஞ்சியெல்லாம் சாம்பலைப் பூசிக்கிட்டு அவன் வீட்டுக்கு வர்ற அழகுக்கு வேற என்ன பேர் வெக்கிறது? அவன் மேல எனக்கு இப்ப கொள்ளைக் கோபம், அது வேற கதை. ஆனாலும் அனுப்பற பட்டன்கிட்ட விரலைக் கொண்டு போனா, விரல் கேக்கலை. சரி, போறதுக்கு முன்னாடி நிலக்கரி டப்பாவையும் ஒரு தடவை பார்த்துடுவோம்னு உள்ள வெச்சேன். அதுலயும் அதே கோடு.

— எரியாத கரியிலயா?

— அதானே! குப்பையைக் கொளுத்தியிருந்தா சாம்பல்லதானே இருக்கணும்? எரியாத கரிக்குள்ள எப்படிப் போகும்? அப்பத்தான் மண்டையில விளக்கு எரிஞ்சுது. தப்பு ஆலையில இல்ல. இந்தக் கட்டடத்துக்குள்ள.

— அப்புறம்?

— டப்பாவைத் திறக்க முடியாது. திறந்தா உங்க மருமக ஓடிடுவா, ஒரு மாசக் காவல் வீணாப் போகும். அதனால வெளிப்பக்கம் முழுக்கத் துடைச்சேன். கோடு போகலை. மூடியைச் சுத்தின டேப்போட வால் மட்டும் ஒட்டாம தொங்கிட்டிருந்துச்சு. அதை நறுக்கி, அந்தத் துண்டை மட்டும் தனியா உள்ள வெச்சுப் பார்த்தேன். ஒரு விரற்கடை டேப் அண்ணி. மத்த மலை ஒண்ணையும் காணோம். வெட்டவெளியில ஒத்தைக் குச்சியா அது மட்டும் நின்னுச்சு.

— அப்ப சாம்பல்?

— சாம்பல் சுத்தம். நுனியை நறுக்கினதும் எல்லா டப்பாவுலயும் கோடு போயிடுச்சு.

— இன்னொரு தடவை சொல்லு.

— சாம்பல்ல சாம்பலுக்கு உள்ளதுதான் இருக்கு. தோட்டத்து மண்ணை விடக் கொஞ்சம் கூட. வேற ஒண்ணும் இல்ல. இன்னிக்கு சாயங்காலம் ரிப்போர்ட் போயிடும். என்ன அண்ணி, கண்ணு கலங்குது?

— ஓவன் சூடு.

— ஓவன் அந்தக் கோடியில இருக்கு.

— சூடு கோடி வரைக்கும் வரும். நீ சொல்லு.

— அந்தத் துண்டை நேத்து வெச்சப்ப இருந்ததை விட இன்னிக்குக் கோடு குட்டை. நிலா தேயற மாதிரி தேய்ஞ்சுட்டே வருது. பின்னாடியே கணக்குப் போட்டுக்கிட்டுப் போனேன். டப்பா அடைச்ச அன்னிக்கு அது எவ்வளவு உசரம் இருந்திருக்கும்னு பார்த்தா, இந்தத் திரை பத்தாது. டேப்புல ஒட்டின துளிக்கே அப்படின்னா, அதை உடம்பு முழுக்க வெச்சுக்கிட்டிருந்த ஆளை நினைச்சுப் பாருங்க. யார்கிட்டயும் சொல்லாம, இங்க நின்னு, டப்பாவுக்கு டேப் ஒட்டிட்டுப் போயிருக்காங்க.

— ம்.

— கழுத்துச் சுரப்பியில கட்டி வந்தா அறுத்து எடுப்பாங்க. மிச்சம் மீதி இருந்தா அதையும் அழிக்கணும்னு இந்த அயோடினை மாத்திரையாக் குடுப்பாங்க. முழுங்கினவங்க உடம்பு கொஞ்ச நாளைக்குக் கதிர் விடும். வேர்வையில வரும், எச்சில்ல வரும். அது அடங்கற வரைக்கும் அவங்க தள்ளியே இருக்கணும். முக்கியமா யாரை விட்டு?

— பச்சைக் குழந்தைங்களை விட்டு.

— தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க.

— கணக்குப்புள்ள, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— இருங்க அண்ணி, நான் முடிச்சுடறேன். நடுவுல நிறுத்தினா அழுதுடுவேன். இந்தக் கட்டடத்துல டேப் ஒட்டுறது ஒரே ஆள்தான். யாரையும் கேக்க வேண்டியதில்லை. பாப்பா பொறந்தப்ப எல்லாரும் வந்தாங்க, நீங்க ரெண்டு பேர் மட்டும் வரலை. நான் ஃபோன்ல என்ன சொன்னேன்? 'உங்க நெஞ்சுக்குள்ளயும் ஈயத்தைத்தான் அடுக்கி வெச்சிருக்கீங்க'ன்னு சொன்னேன்.

— நல்லாத்தான் சொன்ன. தொழில் மறக்காம திட்டுறாளேன்னு நினைச்சுக்கிட்டேன்.

— சிரிக்காதீங்க. அப்புறம் ஒரு நாள் வந்தீங்க. கேட்டுல ஒரு பையை மாட்டிட்டு, பெல்லைக்கூட அடிக்காம திரும்பினீங்க. தபால்காரர்கூடக் கூப்பிட்டுக் கையில குடுப்பார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரி நின்னுச்சு. பூனை உள்ள உக்காந்திருந்தான். தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு எறங்கலை. நீங்கதான் எறங்க விடலைன்னு நினைச்சேன். கோபத்துல ஜன்னலைச் சாத்தினேன்.

— கேட்டுச்சு. கண்ணாடி உடையலையேன்னு பார்த்தேன்.

— பையில குட்டிப் போர்வை. அதை ஒரு வாரம் பிரிக்கவே இல்ல. இப்ப அவ அதுலதான் தூங்குறா. அண்ணி, வந்தவங்க எல்லாரும் அவளைத் தூக்கினாங்க, கன்னத்தைக் கிள்ளினாங்க, கைகூடக் கழுவலை. அவ மேல அக்கறை இருந்து வராம இருந்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்குப் போய் உங்களை ஊரெல்லாம் பேசினேன். வீட்டு ஆளுங்ககிட்ட நன்றின்னு சொன்னா கடைக்காரர்கிட்ட சொல்ற மாதிரி இருக்கும், நாம சொல்லிப் பழகலை. ஆனா சொல்றேன். ரொம்ப நன்றி.

— அதை என்கிட்ட குடுக்காதேம்மா.

— வேற யார்கிட்ட குடுக்கிறது?

— வெச்சிரு. பத்திரமா வெச்சிரு. வேண்டி வரும்.

— உடம்பு இப்ப எப்படி இருக்கு?

— சரியாயிடுச்சு. போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணும் மிச்சம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்.

— நிஜமாவா?

— நிஜமா. அந்தப் பேப்பரைக் கையில வாங்கினதும் என்ன செய்யறதுன்னு தெரியலை. வாசல் காவலாளியைப் பார்த்துக் கும்பிட்டோம். டீக்கடைக்காரரைக் கும்பிட்டோம். காவலாளி பாவம், பயந்து போய் எழுந்து நின்னுட்டார்.

— கும்பிட்டோம்னா? பூனையும் கூட இருந்தானா?

— அவர் இல்லாமலா?

— அப்ப எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே. எப்பப் பாரு மெசேஜ்தான். அதுவும் எழுத்து இல்ல, பூனை பொம்மை. தூங்குற பூனை, மீன் திங்கற பூனை. வாயைத் திறந்து பேச என்ன கேடு?

— அவர் விஷயம் இருக்கட்டும்.

— சரி, மறைச்சது எதுக்கு? அதையாவது சொல்லுங்க.

— நீயே யோசி. சாம்பலோட பொழங்கற ஒரு ஆளுக்குக் கழுத்துல கட்டின்னு வெளியே தெரிஞ்சா என்ன பேசுவாங்க? சாம்பல்தான் காரணம்னு மறுநாளே அடிச்சுச் சொல்லுவாங்க. நீ என்ன எழுதிக் குடுத்தாலும் எவனும் படிக்க மாட்டான். 'அவங்க வீட்டுலயே வந்திருக்கு, இவ அளந்து கிழிச்சா'ன்னு போயிடுவான்.

— டாக்டர் என்ன சொன்னார்? சாம்பலாலதானா?

— இதனாலதான்னு கை காட்ட முடியாது, வரக் காரணம் பலதும் இருக்கும்னார். நீ சொல்லு. அளக்கிறவ நீதானே.

— நான் அளந்த வரைக்கும் சாம்பல் மேல பழி போட எனக்கு ஒரு கோடும் கிடைக்கலை. கிடைச்ச ஒரே கோடும் சாம்பலோடது இல்ல.

— அது போதும். ரிப்போர்ட் போகட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம், அவ கணக்கு நம்மால கெடக்கூடாது. இதுதான் பேச்சு வீட்டுல. காலையில பேச்சு, ராத்திரியும் அதே பேச்சு.

— என் கணக்கு கெடக்கூடாதுன்னு மறைச்சு, கடைசியில என் கணக்கைக் கெடுத்ததே உங்க எச்சில்தான்!

— ஐயோ, அதைக் கேட்டா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது.

— யாருக்கு?

— சாம்பல் கருகுது. நான் போறேன்.

— ஏற்கனவே கருகினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உக்காருங்க. எனக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி.

— உனக்குச் சந்தேகம் எப்பத்தான் தீர்ந்திருக்கு?

— டேப்பை நீங்க எதால வெட்டுவீங்க?

— ஏன், கத்தரிக்கோல்தான்.

— அதான், எப்பவும் கழுத்துல கயிறு கட்டித் தொங்குதே. அதைக் கழட்டாமதான் கல்யாண ஃபோட்டோவுக்கே நின்னீங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். ஆனா இந்த நுனி கத்தரி பட்டது இல்ல. இந்தப் பூதக்கண்ணாடி வழியாப் பாருங்க.

— என் கண்ணாடி மேஜையில இருக்கு. எனக்குத் தெரியாது.

— நான் பார்த்துச் சொல்றேன். ரெண்டு பக்கமும் நறுக்குன்னு அறுந்திருக்கு. நடுவுல மட்டும் அறாம, நாக்கை நீட்டின மாதிரி ஒரு முனை. இது கடிச்சது. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கிறவங்க கடிச்சா இப்படித்தான் அறுபடும்.

— இதெல்லாமா உங்க படிப்புல வருது?

— என் பென்சில்ல வந்துச்சு. பள்ளிக்கூடத்துல என் பென்சில் எதை எடுத்தாலும் பின்பக்கம் இப்படித்தான் இருக்கும். நடுவுல ஒரு மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம். டீச்சர் நான்தான் கடிச்சேன்னு அடிப்பாங்க. நான் ஒரு நாளும் கடிச்சதில்லை.

— அந்தப் பெட்டி ஏதோ சத்தம் போடுது பாரு.

— அது காலி டப்பா முடிஞ்ச சத்தம். அண்ணி, உங்க பல்லுல சந்து கிடையாது.

— விடும்மா.

— சால்வையை எடுங்க.

— வேணாம் கண்ணு.

— எடுக்கிறேன், கையைத் தள்ளாதீங்க. கழுத்துல கத்தி பட்ட அடையாளமே இல்ல. ஒரு கீறல்கூட இல்ல.

— நான் பொய் சொல்லலை. நீ கேட்டதுக்கெல்லாம் நடந்ததைத்தான் சொன்னேன். கட்டி யாருக்குன்னு மட்டும் நீ கேக்கவே இல்ல.

— பூனைக்கா?

— உங்க அண்ணனுக்கு.

— ஐயோ. அவன்... அவன் டேப்பை எப்போ...

— ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்து, வீட்டுக்கு அனுப்பி ரெண்டு நாள்கூட ஆகலை. வீட்டுல தனி ரூம், தனித் தட்டு. நான் இங்க வந்துட்டேன். பார்த்தா, மத்தியானம் லாரியில வந்து நிக்கிறார். இந்தச் சாம்பிளை அன்னிக்கே அடைச்சாத்தானே மாசம் கழிச்சு நீ அளக்க முடியும்? எனக்கோ மணிக்கட்டு சுளுக்கிக் கிடந்துச்சு. 'தள்ளு, நான் ஒட்டுறேன்'னார். நான் ரூமோட அந்த மூலையில நின்னேன். கத்தரி என் கழுத்துல. கழட்டிட்டுக் கிட்ட போனேன். கையை ஓங்கி, வராதேன்னு காட்டினார். காட்டிட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் பல்லால கடிச்சார். நான் கிட்ட வரக்கூடாதுன்னுதான் கடிச்சார்.

— ஏன், வாயால சொல்றதுக்கென்ன?

— குரல் எங்க இருந்துச்சு? பாப்பா பொறந்த வாரம்தான் அறுத்தாங்க, அதுல போயிடுச்சு. இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா வருது.

— அதான் பூனை பொம்மை.

— ஒவ்வொரு பொம்மையையும் தேடித் தேடி எடுப்பார். இது சிரிக்குதா, இல்ல அழற மாதிரி இருக்கான்னு என்கிட்ட காட்டிக் கேப்பார்.

— நான் அதுக்குப் பதில்கூடப் போடலை அண்ணி. அன்னிக்கு அந்த லாரியில...

— பெரியவங்க பக்கத்துல உக்காரலாம்னு அதுக்குள்ள சொல்லியாச்சு, குழந்தைக்கு டாக்டர் சொன்ன தூரத்தை விடத் தள்ளித்தான் நின்னார். நீ ஜன்னலைச் சாத்தினியே, அதுக்கு முன்னாடியே பார்த்துட்டார். உன் தோள்ல குழந்தை, தலையில சிவப்புக் குல்லா. திரும்பி வர்ற வழியெல்லாம் அதேதான். ஸ்டியரிங்கைப் பிடிக்காம, ரெண்டு கையையும் கண்ணு மேல வெச்சு வெச்சுக் காட்டினார். என்னன்னு எனக்கு முதல்ல புரியலை. குல்லா பெருசு, குழந்தை கண்ணை மறைக்குதுன்னு.

— பெருசுதான். இப்பவும் பெருசுதான். நீங்களாவது உள்ள வந்திருக்கலாமே. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே.

— வந்தா நீ அண்ணன் எங்கன்னு கேப்ப. உன் முகத்தைப் பார்த்து என்னால பொய் சொல்ல முடியாது. அந்த பெல்லை ஒரு தடவை அமுக்கியிருந்தேன்னா, அங்கயே உக்காந்து ஒப்பாரி வெச்சிருப்பேன். போர்வையை மாட்டிட்டு ஓடி வந்ததே பெருசு.

— எங்கிட்ட சொல்லியிருந்தா நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா? என்னை நம்பலையா அவன்?

— நம்பிக்கை இல்லாம இல்லம்மா. 'அவ கண்ணுக்கு நான் இரும்பு. அப்படியே இருந்துட்டுப் போறேனே'ன்னு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் காட்டினார். நான் அதைக் கிழிச்சுப் போட்டுட்டுச் சண்டை போட்டேன். சண்டைன்னா நான் மட்டும்தான் கத்துறேன், அவர் தலையைத் தலையை ஆட்டுறார். அப்படி ஒரு சண்டை யார் வீட்டுலயும் நடந்திருக்காது.

— இரும்பாம் இரும்பு. பென்சில் கடிக்கிற இரும்பு.

— அழாதே. மூக்கைத் துடை. அந்த ஹாரன் கேக்குதா?

— லாரி.

— புது சாம்பிள் கொண்டு வர்றேன்னு பேரு. நீ இன்னிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வந்திருக்கேன்னு நான்தான் காலையில சொன்னேன். மூணு சட்டையை மாத்திட்டார். எதுலயும் சாம்பல் இருக்கக் கூடாதாம். டாக்டர் இனிமே தாராளமா எந்தக் குழந்தையை வேணாலும் தூக்கலாம்னு சொல்லிட்டார். நானும் ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

— நான் அவனைப் பார்த்து என்ன பேசுவேன் அண்ணி? வெச்சிருக்கச் சொன்னீங்களே அந்த நன்றி, அதை எப்படி நான்...

— அதைத்தான் உன்கிட்ட கேக்கப் போறேன். இதுவரைக்கும் நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை. உனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம். அவரா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் வேணாம். படியேறி வந்ததும், 'வாடா அடுப்புப் பூனை, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா'ன்னு எப்பவும் போலத் திட்டு. குரல் கம்மியிருக்கும். தூசின்னு சொல்லுவார், நம்பிடு. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருப்பார், அங்க பார்க்காதே. அந்த நன்றியை முழுக்கத் திட்டாவே குடுத்துடு. குடுத்துட்டு, சலிச்சுக்கிட்டே, அந்தக் குல்லாவோட குழந்தையை அவர் கையில வெச்சுடு. அழாம செய்வியா கண்ணு?